வென்டிலேட்டர் நோயாளிகளின் இதயத்தைக் கண்காணிக்க எக்கோ வசதியும் பயிற்சியும் கோரும் மனு

அனுப்புநர்:
பாம்பன் பகுதி மீனவர் குடும்பங்கள் சார்பாக,
ஓய்வுபெற்ற செவிலியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: தீவிர நுரையீரல் செயலிழப்பில் வென்டிலேட்டர் பொருத்தப்படுவோருக்கு இரவிலும் எக்கோ (ஒலியலை மூலம் இதயத்தைப் படம்பிடிக்கும்) பரிசோதனை, ஊழியர்களுக்குப் பயிற்சி, ஆம்புலன்ஸ் மாற்றத்துக்கு ஒரு குறிப்புத் தாள் ஆகியவை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலை நம்பிப் பிழைப்பவர்கள் நாங்கள். சங்கு குளிப்பவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், நாட்டுப்படகில் போகிறவர்கள் என யார் தண்ணீரில் தத்தளித்தாலும் உப்புநீர் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. கடும் நிமோனியாவிலும் நுரையீரல் இதே கதிக்கு ஆளாகிறது. காற்றுப் பைகளில் நீர் கோத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிந்து, கடைசியில் வென்டிலேட்டர். இந்த மனு இன்னும் சில வென்டிலேட்டர்கள் கேட்பதற்கானது அல்ல. இருப்பவை இதயத்தைப் பார்த்து இயக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

நாம் இயல்பாக மூச்சிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது; ரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்புகிறது. வென்டிலேட்டரோ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மார்புக்குள் அழுத்தம் ஏறுவதால் திரும்பும் ரத்தம் குறைகிறது. சுவாசக் குழாய் போட்ட சிறிது நேரத்திலேயே சிலருக்கு ரத்த அழுத்தம் விழுவதற்கு, மயக்க மருந்தோடு இதுவும் ஒரு காரணம். அடுத்த சிக்கல், நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும் இதயத்தின் வலது கீழறையில். ஆக்ஸிஜன் குறைந்த இடங்களில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அளவுக்கு மீறி விரிந்த காற்றுப் பைகள் அருகிலுள்ள நுண்குழாய்களை நசுக்குகின்றன. தேங்கிய கரியமில வாயு நிலையை மேலும் மோசமாக்குகிறது. மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை இந்த எதிர்ப்பைத் தாங்காமல் வீங்கி, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. இடது கீழறை நிரம்ப இடமின்றிப் போகிறது.

இந்த நிலையில் ரத்த அழுத்தம் குறைகிறதே என்று சலைனை மேலும் மேலும் ஏற்றினால் வலது கீழறை இன்னும் வீங்கும். உடலில் நீர் குறைந்தவருக்கோ அதே சலைன்தான் உயிர் காக்கும். இடது இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவருக்கு வென்டிலேட்டர் அழுத்தமே இதயத்தின் சுமையைக் குறைக்கவும் கூடும். மானிட்டரில் மூவருக்கும் தெரிவது ஒரே குறைந்த எண். வேறுபாட்டைப் படுக்கையருகிலேயே காட்டுவது எக்கோ. அது பகலில் மட்டும், வேறு கட்டடத்தில் இருந்தால் குழாய்களோடு கிடப்பவருக்கு என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் பணம் தேவையில்லை. ஒவ்வொரு மூச்சின் அளவையும் நோயாளியின் உண்மையான எடையை வைத்து அல்ல, அவர் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். அதற்கு ஓர் அளவுநாடா போதும். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு, அந்த எடையில் கிலோவுக்கு 6 மி.லி. கணக்கில் சுமார் 370 மி.லி. வரும். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 12 மி.லி.க்குப் பதில் 6 மி.லி. கொடுத்தபோது இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. கடுமையான நிலையில் உள்ளவர்களை நாளின் பெரும்பகுதி குப்புறப் படுக்கவைத்த 2013ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வில், 28 நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16 ஆனது. குப்புறப் படுப்பது வலது கீழறையின் சுமையையும் இறக்குகிறது. ஆனால் குழாய் கழலாமல் ஒருவரைத் திருப்ப நான்கைந்து கைகள் வேண்டும். இரவுப் பணியில் அத்தனை பேர் இருப்பதில்லை என்பதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கி.மீ.; மதுரைக்கு அனுப்பினால் அதற்கு மேல் 100 கி.மீ.க்கும் அதிகம். வழியில் பதற்றத்தில், கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் சுவாசப் பையை வேகமாகவும் பலமாகவும் அழுத்தினால் காற்று முழுதும் வெளியேறாமல் மார்பில் தேங்கி, ரத்த அழுத்தம் சரியும். மூச்சின் அளவு, மூச்சு முடிவில் நிறுத்தி வைக்கும் அழுத்தம், ஓடும் மருந்துகள், கடைசி எக்கோவில் வலது கீழறையின் நிலை ஆகியவற்றை எழுதிய ஒற்றைத் தாள் நோயாளியுடன் போக வேண்டும்.

ஆகவே, வென்டிலேட்டர் இயங்கும் அரசு மருத்துவமனைகளுக்குக் கையடக்க எக்கோ கருவி வழங்கவும், 2022இல் தொடங்கிய நமது அரசு மருத்துவக் கல்லூரி வழியாக மருத்துவர், செவிலியர், 108 ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்தவும், மேற்கண்ட தாளைக் கட்டாயமாக்கவும் சுகாதாரத் துறைக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எல்லாம் உடனே முடியாதெனில், தாளையும் அளவுநாடாவையும் இந்த மாதமே தொடங்கலாம். எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்கள்