டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் ஒரு தமிழ்ப் பலகை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கார்த்திகையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர்கள் மேலும் நர்ஸுகள் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது வீட்டுக்குக் கிளம்பிய நாளைப் பற்றி.

காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு ஃபைனல் பில்லை காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொன்னார்கள். அப்புறம் மணிக்கு ஒரு தடவை நான் போய்க் கேட்பதும், "இன்னும் அப்ரூவல் வரலை மேடம்" என்று அந்தப் பெண் சொல்வதும்தான். மூன்று மணிக்கு குவெரி வந்திருக்கிறது என்றார்கள். அம்மாவுக்கு எத்தனை வருடமாக ரத்த அழுத்தம் இருக்கிறது, முதன்முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரின் சீட்டு எங்கே என்று கேட்டிருந்தார்கள். கீழே விழுந்து எலும்பு உடைந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? 2012-லிருந்து ஒரு வருடம்கூட விடாமல் அதே நிறுவனத்தில் பிரீமியம் கட்டிக்கொண்டு வருகிறோம்.

இரவு ஏழரைக்கு அப்ரூவல் வந்தது. அதுவரைக்கும் அம்மா புடவை மாற்றி, பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகப் பயந்து மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது, ராத்திரி லால்குடி வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மாலை ஆறு மணி தாண்டிவிட்டது என்று இன்னொரு நாள் ரூம் வாடகை 4,500 ரூபாயையும் பில்லில் ஏற்றியிருந்தார்கள். கட்டிவிட்டு வந்தேன்.

கட்டியிருக்கவே வேண்டாம் என்று இரண்டு வாரம் கழித்து என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. கேஷ்லெஸ், அதாவது நாம் பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கொடுக்கும் வசதி கேட்டு மருத்துவமனை அனுப்பும் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான கோரிக்கை போன மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி கொடுத்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் பணத்தை அந்த நிறுவனமே தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். சிகிச்சையில் இருக்கும்போது நோயாளி இறந்துவிட்டால் உடனே க்ளெய்மை முடித்து உடலை வீட்டாரிடம் ஒப்படைக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, எத்தனை குடும்பம் பிணத்தை வைத்துக்கொண்டு பில் கவுன்ட்டரில் நின்றிருந்தால் இப்படி ஒரு வரியை விதியில் எழுத வேண்டி வந்திருக்கும்!

ரத்த அழுத்தக் கேள்விக்கும் விதியில் பதில் இருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால்தான் உண்டு. முன்பு 8 வருடமாக இருந்ததை 2024-ல் 5 வருடமாகக் குறைத்தார்கள். எங்கள் பாலிசிக்கோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வயசாகிவிட்டது.

அடுத்து ரூம் வாடகை. பல பேர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எங்கள் பாலிசி 3 லட்சம், அதில் ஒரு சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் வரைக்கும்தான் ரூம் வாடகை. அன்றைக்கு அந்த வாடகையில் ரூம் காலி இல்லாததால் 4,500 ரூபாய் ரூமில் சேர்த்தோம். மிச்சம் 1,500-ஐ நாம் கட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் மொத்த பில்லிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். ரூம் உயர உயர டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் வாடகை எல்லாம் உயரும், அதனால் அவற்றைக் கழிப்பதற்கு பாலிசியில் இடம் இருக்கலாம். மருந்து, உடம்புக்குள் வைத்த பிளேட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இதெல்லாம் எந்த ரூமில் படுத்தாலும் ஒரே விலைதானே? இவற்றில் இப்படி விகிதக் கணக்குப் போட்டுக் கழிக்கக் கூடாது என்று 2020-லேயே ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. எங்கள் பில்லில் இவை மட்டும் 1,14,000 ரூபாய். அதில் 38,000 ரூபாயைக் கழித்திருந்தார்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு பில்லையும் நேர விவரத்தையும் வைத்து மெயில் அனுப்பினேன். சுற்றறிக்கையின் தேதியையும் குறிப்பிட்டேன். பத்தொன்பதாவது நாள் 38,000 ரூபாயும் அந்த ஒரு நாள் வாடகையும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, ஒரு விளக்கமும் இல்லாமல். பணம் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் கேட்காதவர்களுக்கு வராது என்பதுதானே இதற்கு அர்த்தம்?

அன்றைக்கு என் பக்கத்தில் அரியலூர்ப் பக்கமிருந்து ஒரு அண்ணன் நின்றிருந்தார். அவருடைய மனைவிக்கு "டிபிஏ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று வாயால்தான் சொன்னார்கள், ஒரு தாள்கூடக் கையில் கொடுக்கவில்லை. நகையை அடகு வைக்கக் கிளம்பிப் போனார். டிபிஏ என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம் வேலையை இடையில் பார்க்கும் நிறுவனம், அதற்கு க்ளெய்மை நிராகரிக்கிற அதிகாரமே கிடையாது. காப்பீட்டு நிறுவனம்தான், அதுவும் தன் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்ட பிறகுதான், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அதோடு, கேஷ்லெஸ் கிடைக்கவில்லை என்றால் க்ளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை, பணத்தைக் கட்டிவிட்டு பில்லோடு பிறகு கேட்டு வாங்கலாம். இதையெல்லாம் அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்கே தெரியாது. அவர் எந்த ஊர் என்றுகூட சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

நிறுவனம் ஒரு மாதம் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ புகாரை விசாரித்து உத்தரவு போடும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உத்தரவு வந்து 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம் புகார் செய்தவருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் கொடுக்க வேண்டும். லால்குடியில் நான் விசாரித்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு அலுவலகம் இருப்பது தெரியவில்லை, பாலிசி விற்ற ஏஜென்ட் உட்பட.

நான் கேட்பது இதுதான். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழில் பெரிதாகப் பலகை வைக்கிறார்கள், எல்லாரும் நின்று படிக்கிறோம். அதே போல தனியார் பாலிசிக்காரர்களுக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க்கின் மேலே ஒரு பலகை வேண்டும். ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், தாமதமானால் யார் செலவு, மறுத்தால் எழுத்தில் காரணம், யாரிடம் புகார் என்று ஐந்து வரி போதும். கோரிக்கை அனுப்பிய நேரத்தையும் அனுமதி வந்த நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி நோயாளியிடம் கொடுக்கவும் சொல்ல வேண்டும், அது கையில் இல்லாமல் மூன்று மணி நேரம் ஆனதை யாரும் நிரூபிக்க முடியாது. நான் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் போனில் மணியைக் குறித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். தமிழ்நாட்டில் எல்லாத் தனியார் மருத்துவமனையும் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். பதிவு கொடுக்கும் சுகாதாரத் துறை இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாமே.

போன மாதம் அம்மாவை செக்-அப்புக்கு அழைத்துப் போனபோது, அந்த ஐந்து வரியை நானே ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போய் டெஸ்க்கில் இருந்த அதே பெண்ணிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "எங்க அப்பாவுக்கும் பாலிசி இருக்கு மேடம், எனக்கே இது தெரியாது" என்றார். மேலே கேட்டுவிட்டு ஒட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வைகாசியில் மறுபடி போக வேண்டும், அப்போது பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லால்குடி