பாம்பு நஞ்சு பற்றிப் பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். அறிவியல் வகுப்பில் பாம்புகளைப் பற்றிய பாடம் நடந்தபோது, கடிவாயைக் கீறி இரத்தத்தை உறிஞ்சித் துப்பினால் நஞ்சு இறங்கிவிடும் என்று மாணவர்கள் பலர் உறுதியாகக் கூறினர். பாடநூலில் இல்லாத இக்கருத்தை அவர்கள் பெரியவர்களிடமிருந்தும் திரைப்படங்களிலிருந்துமே பெற்றிருக்கிறார்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாம்பின் நஞ்சு பெரும்பாலும் புரதங்களாலான கலவை. கடித்தவுடனே அது திசுக்களில் பரவத் தொடங்கிவிடுவதால், உறிஞ்சி வெளியேற்ற இயலாது. இரத்தம் உறைவதைக் குலைக்கும் விரியன் நஞ்சு ஏறியவருக்கு, நாம் போடும் கீறலே நிற்காத இரத்தப்போக்காகிவிடும். கயிற்றால் இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கையையோ காலையோ இழக்க நேரலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் நஞ்சு ஏறவில்லை என்று முடிவு செய்வதுதான். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், உறங்குபவரைக் கடிக்கிறது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து இமைகள் தாழ்ந்து, பேச்சுக் குழறி, மூச்சுவிட உதவும் தசைகள் செயலிழக்கக்கூடும். மாறாக, நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அவ்வாறு பிழைத்தவர்களால்தான் பச்சிலைக்கும் மந்திரத்துக்கும் நற்பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. குதிரைகளின் குருதியிலிருந்து தயாரிக்கப்படும் நஞ்சுமுறிவு மருந்து உரிய நேரத்தில் கிடைத்தால் இவர்களுள் பலரைக் காப்பாற்றியிருக்கலாம்.

பாம்பு பழிவாங்கும், பால் குடித்து வாழும், சாரையும் நாகமும் இணையும் என்பவை கேட்கச் சுவையானவை, ஆனால் உண்மையல்ல. பின்னிப் பிணைந்து எழுந்து நிற்பவை பெரும்பாலும் தம்முள் பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகளே.

யாரையேனும் பாம்பு கடித்தால் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் நஞ்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்க வல்லது. புதர்ப்பக்கம் போனதற்குத் திட்டு விழுமோ என்றஞ்சிக் குழந்தைகள் கடிபட்டதை மறைப்பதுண்டு. ஆகவே, எங்கே கடிபட்டாலும் தண்டனை இல்லை, உடனே சொன்னால் போதும் என்று இன்றே அவர்களிடம் கூறிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்