ஆறுமணிக்குருவிக்கு இருட்டும் சருகும் வேண்டும்

ஐயா,

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவிகள் தெற்கே வருகின்றன. அவற்றில் பல, கடல் தாண்டி இலங்கைக் காடுகளுக்கும் போகும். இரவில் பறப்பதால் விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதி விழும். பச்சை முதுகு, குட்டை வால், அடிவயிற்றில் சிவப்பு. பாவம், அப்படிக் களைத்து விழுந்த குருவியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கிக் கொன்றுவிடும். சோறும் வேண்டாம். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, ஓரிரு மணி நேரம் இருட்டில் வையுங்கள். தெளிந்ததும் காகம் இல்லாத புதரடியில் விடுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறையிடம் சேருங்கள்.

சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் பறவை இது. மண்டபம், இராமேசுவரம் தோப்புகளில் சருகை எரிப்பதைப் பங்குனி வரையாவது நிறுத்துங்கள்.

பறவை ஆர்வலர்கள்,
மண்டபம்.