2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: தருமபுரத்துப் பெட்டியின் பூர்வீகம் தேடி

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

எமது சங்கத்தின் 2024 ஆம் ஆண்டுச் செயற்பாடுகள் பற்றிய அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கிறேன். நிர்வாக சபை வழமைபோல மாதம் ஒரு தடவை கிளிநொச்சியில் கூடியது. கார்த்திகை வெள்ளத்தால் ஒரு கூட்டம் தடைப்பட்டது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கோயில் திருவிழாக்களுக்கு ஒலியமைப்புச் செய்யும் அங்கத்தவர்களுக்கிடையே ஒரே நாளில் ஒரே இடம் என்று வந்த இரண்டு பிணக்குகளும் பேசித் தீர்க்கப்பட்டன. இவ்வாண்டு எம்மை விட்டுப் பிரிந்த மூத்த தபேலாக் கலைஞருக்காகவும், வாழ்நாள் முழுவதும் எங்களுக்கு அம்பிளிபயர் திருத்தித் தந்த பெரியவருக்காகவும் கூட்டத் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

இனி, இவ்வாண்டில் சங்கத்தின் நேரத்தையும் மனதையும் அதிகம் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வருகிறேன். இதை விரிவாக எழுதுவதற்கு அங்கத்தவர்கள் அனுமதி தரவேண்டும்.

தை மாதக் கடைசியில் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்திலிருந்து ஓர் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் யூரியாப் பை. அதற்குள் கருங்கல் மாதிரிக் கனக்கும் ஓர் இரும்புப் பெட்டி. மேலே காலால் மிதிக்கும் சுவிச்சுகள், திருகுகள். முழுவதும் கதவுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற் பூசியிருந்தது. பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. “அப்பா கிற்றார் வாசிச்சவர். இது அவற்ற சாமான். வீட்டில கிடந்து கறள் பிடிக்கிறதை விட உங்களிட்ட இருந்தா என்னெண்டாவது தெரியவரும்” என்றார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர் என்பதும், வன்னிக்கு வந்தபின் பாடசாலை விழாக்களிலும் கோயில் மேடைகளிலும் வாசித்தவர் என்பதும் எங்களில் மூத்தவர்கள் சிலருக்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

2009 தை மாதம் தருமபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது அந்தக் குடும்பம் தையல் மெஷினையும் இந்தப் பெட்டியையும் வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தது. மெஷினைச் சாக்கிலும் பெட்டியைப் பிளாஸ்ரிக் பரலிலும் வைத்தார்கள். மீளக் குடியேறி வந்து தோண்டியபோது தையல் மெஷின் இறுகிப்போய்க் கிடந்தது. பரலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஆனால் அதன் பிறகு பதின்மூன்று, பதினான்கு வருடம் அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. அது என்னவென்று சொல்லக்கூடியவர் வீட்டில் எவரும் இல்லை.

முதற் கூட்டத்திலேயே ஆளுக்கொரு பெயர் சொன்னோம். பேஸ் வாசிக்கும் தம்பி, இது அமெரிக்காவின் ஆர்ப் கொம்பனி 1977 இல் செய்த அவதார் என்ற கிற்றார் சின்தசைசர், அதாவது கிற்றார் வாசிக்கும் சுருதிக்குப் புதுச் சத்தம் உண்டாக்கும் மின்னணுப் பெட்டி, என்றார். அந்தக் கொம்பனி 1981 இல் மூடப்பட்டுவிட்டது, ஆகவே பெறுமதி கூட என்றும் சொன்னார். கீபோர்ட் வாசிக்கும் ஐயாவுக்கு ஜப்பானின் கோர்க் எக்ஸ் 911 ஆக இருக்கலாம் என்று பட்டது. இன்னொருவர் லண்டனில் டேவிட் கொக்கரெல் வடிவமைத்த ஹைஃப்ளை என்ற கருவியைச் சொன்னார். படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவதார் நிறையத் தள்ளு திருகுகளோடு மேசையில் வைக்கும் சாமான். ஹைஃப்ளை தாங்கு காலின் மேல் நிறுத்தி வைப்பது. எக்ஸ் 911 இல் எந்தச் சாதாரண கிற்றாரையும் செருகலாம். எங்கள் பெட்டியில் கிற்றாரைச் செருகும் சாதாரண ஜக் ஓட்டையே கிடையாது. அதற்குப் பதிலாகப் பின்புறத்தில் பழைய கொம்பியூட்டர் பிறின்ரர் வயர் செருகுவது போன்ற அகலமான ஒரு வாய் இருந்தது. விளக்கை அருகே பிடித்து எண்ணினோம். மேலே 12, கீழே 12.

அந்த 24 பின்தான் முதல் திறப்பு. ஜப்பானின் றோலன்ட் கொம்பனி 1977 இல் தன் முதல் கிற்றார் சின்தசைசரான ஜீ.ஆர். 500 ஐ வெளியிட்டதிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை இப்படி 24 பின் வயரைத்தான் பாவித்தது. பிறகு 13 பின்னுக்கு மாறியது. இவ்வளவு பின் எதற்கு என்று கேட்ட இளம் அங்கத்தவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சாதாரண எலெக்றிக் கிற்றாரில் ஆறு தந்தியின் அதிர்வும் ஒன்றாய்க் கலந்து ஒரே வயரால் வெளியே வரும். அதில் ஒலியை உடைக்கும் ஃபஸ் பெட்டி ஒன்றைப் போட்டு இரண்டு, மூன்று தந்தியைச் சேர்த்துத் தட்டினால் சந்தை இரைச்சல் மாதிரி ஆகிவிடும். இந்த வகைக் கிற்றாரில் தந்திகளைத் தாங்கும் பிறிட்ஜுக்கு அருகே, அதிர்வை மின்னாக மாற்றும் ஆறு சின்னப் பிக்கப் தந்திக்கு ஒன்றாக இருக்கும். ஆறு ஒலியும் ஆறு வயரில் தனித்தனியே பெட்டிக்குப் போகும். பெட்டி ஒவ்வொரு தந்தியின் சுருதியையும் பிடித்து, அதே சுருதியில் தன் சொந்தச் சத்தத்தைப் புதிதாக உண்டாக்கும். கிற்றாருக்கு வேண்டிய மின்சாரமும் அதே வயரால் பெட்டியிலிருந்து போகிறது. ஒலியைக் கூர்மையாக்கும், மந்தமாக்கும் திருகுகள் கிற்றாரின் உடம்பிலேயே உள்ளன. அந்தக் கட்டளைகளும் அதே வயரால் திரும்பி வருகின்றன. ஆகவே பெட்டி பாதி வாத்தியம், கிற்றார் மறு பாதி.

இரண்டாவது திறப்பு பெயின்ற். எங்கள் மின்னியல் ஆசிரியர் பஞ்சில் தின்னர் தொட்டு, ஒரு மூலையில் விரல்நக அளவு இடத்தை மெதுவாகத் துடைத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தோம். பச்சை கரைந்து கீழே நீலம் தெரிந்தது. றோலன்ட்டின் அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஜீ.ஆர். 100 மஞ்சள், ஜீ.ஆர். 300 நீலம். அடிப்பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரே மாதிரியான பாகங்கள் ஆறு தரம் திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தன. சந்தேகம் தீர்ந்தது. 1980 இல் வந்த ஜீ.ஆர். 300. பற் மெத்தீனி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் எக்காளம் மாதிரி அழும் அந்தக் கிற்றார் ஒலியை இன்றைக்கும் இந்த வகைப் பெட்டியில்தான் வாசிக்கிறார். றொபேட் ஃபிறிப்பும் ஏட்றியன் பெலூவும் கிங் கிறிம்சன் குழுவில் இந்த வகையைப் பாவித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு கருவி தருமபுரத்தில் கட்டிலுக்குக் கீழே கிடந்தது என்பதை அன்று இரவு முழுக்க என்னால் நம்ப முடியவில்லை.

ஐ.சி. எனப்படும் சின்ன மின்னணுச் சில்லுகளில் அடித்திருந்த 4 இலக்க எண்களையும் ஆசிரியர் வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. பலதையும் பார்த்ததில் மிகப் பிந்தியது 8041. அதாவது 1980 ஒக்ரோபரில் செய்த ஐ.சி. அதற்கு முன் இந்தப் பெட்டி பொருத்தப்பட்டிருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு மனவருத்தத்தையும் பதிய வேண்டியுள்ளது. இவ்வளவும் தெரிய முன்னரே, அவசரப்பட்டு, பெட்டியைக் கொழும்பில் ஒரு திருத்தகத்துக்கு அனுப்பினோம். அங்கே ஒருவரும் உள்ளே திறந்து பார்க்காமல் நேரே 230 வோல்ற்றில் செருகிவிட்டார்கள். பியூஸ் எரிந்தது. “இது சரிவராது, எறியுங்கோ” என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். அனுப்பும் முடிவை எடுத்தவன் என்ற வகையில் அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல காலமாகப் பியூஸோடு போயிற்று. திரும்பி வந்தபின்தான் உள்ளே டிரான்ஸ்போமரில் 100 வோல்ற் என்று எழுதியிருப்பதைக் கண்டோம். 100 வோல்ற் என்பது ஜப்பானின் வீட்டு மின்சாரம். அப்படியென்றால் இது ஏற்றுமதிக்குச் செய்ததல்ல, ஜப்பானிலேயே கடையில் வாங்கியது.

உடனே தருமபுரம் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, இதோடு வேறு ஏதும் இருந்ததா என்று கேட்டோம். “ஒரு மரப்பெட்டி கிடக்கு. பற்றறி சார்ஜர் எண்டு நினைச்சு ஒதுக்கிப் போட்டன்” என்றார். அடுத்த நாளே தலைவரும் நானும் போய் எடுத்து வந்தோம். பலா மரத்தில் அடித்த சின்னப் பெட்டி. உள்ளே கையால் சுற்றிய டிரான்ஸ்போமர். மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால், அழகான சாய்ந்த கையெழுத்தில், தமிழில் எழுதியிருந்தது: “230 – 100. மாற்றிச் செருக வேண்டாம்.” யார் சுற்றினாரோ அந்தக் கை எதற்காக இதை எழுதியது என்று எங்களுக்கு விளங்கியது. கொழும்புக் கடைக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை.

ஜப்பானிலிருந்து எப்படி வந்தது என்பதை அக்காவின் மாமி கனடாவிலிருந்து சொன்னார். மாமியின் கணவர் கப்பலில் வேலை செய்தவர். கிற்றார் வாசித்தவரும் அவரும் மச்சான் முறை. கப்பற் சேவைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மாமி படமெடுத்து அனுப்பினார். 1981 இல் கோபே துறைமுகத்தில் இறங்கியதாக முத்திரை. கோபேயிலிருந்து ஒசாக்கா ரயிலில் அரை மணித்தியாலம்தான். றோலன்ட் பிறந்த ஊர் ஒசாக்கா. 1972 இல் அதைத் தொடங்கிய இக்குத்தாரோ காக்கெஹாஷி இளவயதில் கடிகாரம் திருத்தி, பிறகு றேடியோ திருத்தி மேலே வந்தவர். எங்கள் அங்கத்தவர்களில் பாதிப்பேர் அதே வழியால் வந்தவர்கள் என்பதால் இதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தக் கலைஞர் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டார். தென்மராட்சியில் சில மாதம். பிறகு கிளாலியால் வள்ளத்தில் இக்கரை. வள்ளக்காரர் பாரம் கூட என்று சொல்ல, உடுப்புப் பையைக் கரையில் விட்டுவிட்டுக் கிற்றாரையும் பெட்டியையும் ஏற்றினாராம். அக்காவுக்கு அப்போது எட்டு வயது. அப்பா பெட்டியை மடியில் வைத்திருந்ததையும், தண்ணீர் தெறிக்கும்போது சேட்டைக் கழற்றி அதன் மேல் போட்டதையும் சொன்னார். வன்னியில் அந்தக் காலத்தில் மின்சாரம் கிடையாது. சைக்கிள் டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம். ஜெனறேற்றரும் மண்ணெண்ணெயும் கிடைக்கும் திருவிழாக்களில் மட்டும் பெட்டி வாய் திறந்தது. தன் நினைவில் மூன்றே தரம் என்கிறார் அக்கா. ஒரு தரம் வாசித்தபோது, இது என்ன நாதஸ்வரமா என்று ஒரு கிழவி மேடைக்குக் கிட்ட வந்து பார்த்தாராம்.

இப்போது பியூஸ் மாற்றி, மரப்பெட்டி டிரான்ஸ்போமரைச் சோதித்து, அதன் வழியாகவே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தோம். விளக்கு எரிந்தது. புகை இல்லை, சூடு இல்லை. சத்தமும் இல்லை. கிற்றார் இல்லாமல் அது பேசாது. 13 பின்னை 24 பின்னாக மாற்றிக் கொடுக்கும் இடைப்பெட்டிகள் வெளிநாட்டில் உண்டு. அப்படி ஒன்றைத் தருவிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கடைசி வழி அதுதான் என்பது என் கருத்து. முதலில் இதன் சொந்தக் கிற்றாரைத் தேடவேண்டும்.

பெட்டியை வாங்க வெளியூரிலிருந்து இரண்டு பேர் விலை பேசினார்கள். அக்கா விற்க விரும்பவில்லை. சங்கமும் விரும்பவில்லை. பெட்டி அவருடைய சொத்து, சங்கம் பாதுகாவலர் மட்டுமே என்று எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டுள்ளோம். பச்சைப் பெயின்றை முழுதாக உரிப்பதா என்ற கேள்வி நிர்வாக சபையில் இரண்டு கூட்டம் இழுபட்டது. அந்தப் பெயின்றை அடித்தது அவருடைய அப்பாவின் கை. ஆகவே துடைத்த மூலையை மட்டும் அப்படியே விட்டு மீதியைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு.

இதையொட்டி, அங்கத்தவர்களிடம் உள்ள பழைய வாத்தியங்களுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் ஓர் இடாப்புத் தொடங்கியுள்ளோம். எந்த ஊரில் செய்தது, யார் கொண்டுவந்தது, யார் வாசித்தது, எந்த இடப்பெயர்வில் எங்கே வைத்தது என்று உரியவரின் வாயால் கேட்டு எழுதுகிறோம். அம்பிளிபயர் திருத்திய பெரியவரிடம் ஆவணியில் போவதாக இருந்தோம். ஆடியில் அவர் போய்விட்டார். அந்த மரப்பெட்டியின் கையெழுத்து யாருடையது என்று அவர் ஒருவேளை சொல்லியிருப்பார். இனித் தள்ளிப்போடக் கூடாது. வரும் ஆண்டில் மாதம் இரண்டு வீடாவது போவதாகத் திட்டமிட்டுள்ளோம். வாகனச் செலவுக்குச் சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

கடைசியாக அந்தக் கிற்றார். 1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தபோது அப்பா அதை யாரோ ஒரு பெடியனிடம் பழகக் கொடுத்தார் என்பது அக்காவின் ஞாபகம். அங்கத்தவர்களில் இரண்டு பேர் அந்தக் காலத்தில் மல்லாவியிலோ துணுக்காயிலோ ஒரு கோயில் மேடையில் மண்ணிறக் கிற்றார் ஒன்றைக் கண்டதாகச் சொல்கிறார்கள். அதன் உடம்பில் வழமையை விடக் கூடுதலாகத் திருகுகள் இருக்கும். பிறிட்ஜுக்கு முன்னால் ஒடுக்கமான ஒரு கறுத்தப் பட்டி இருக்கும். விளிம்பில் வயர் செருகும் இடத்தில் பிறின்ரர் வாய் மாதிரி அகலமான ஓட்டை, மேலே 12, கீழே 12. அந்தப் பக்கத்து அங்கத்தவர்கள் உங்கள் வீட்டுப் பரணையும், தெரிந்தவர்கள் வீட்டு அறை மூலைகளையும் ஒருதரம் பாருங்கள். கழுத்து முறிந்திருந்தாலும் தந்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்டால் கையால் ஒன்றும் கழற்றாமல் எங்களுக்கு அறிவியுங்கள். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறோம்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்