ரத்தத்தில் வந்ததா என்று கேட்டாயே

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாய், "எனக்கு வந்த மனச்சோர்வு அம்மாச்சிகிட்ட இருந்து வந்ததாம்மா, நாளைக்கு எனக்குப் பிறக்கிறதுக்கும் வருமா" என்று. அப்பா பக்கத்தில் இருந்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினவள் நான். மெண்டலின் பட்டாணிச் செடியை நெட்டை, குட்டை என்று கரும்பலகையில் வரைந்து வரைந்து, மனுஷருக்கும் எல்லாம் அப்படித்தான் இறங்கும் என்று மனதில் ஊறிப்போயிருந்தது. அம்மாச்சி மாதக்கணக்கில் கொல்லைப்புறத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலில் கொண்டுபோய் 48 நாள் வைத்திருந்தார்கள். அதனால் நீ பிளஸ் ஒன் படிக்கும்போது, விடுமுறைக்கு வந்த இடத்தில் தலைக்குக் குளிக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டபோது எனக்கு முதலில் தோன்றியது 'வந்துவிட்டது' என்பதுதான். எதனால் வந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

நீ இப்போது நியூசிலாந்தில் இருக்கிற டுனெடினிலேயே இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது, தெரியுமா? 1972-73இல் அங்கே பிறந்த 1,037 பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. 2003இல் அவர்களை வைத்து காஸ்பி, மோஃபிட் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. செரோட்டோனின் என்கிற மூளை வேதிப்பொருள் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனில் குட்டை வடிவம், நெட்டை வடிவம் என்று இரண்டு உண்டு (இங்கேயும் நெட்டை குட்டைதான், பார்). அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு வரும். இருபதுகளின் தொடக்கத்தில் வாழ்க்கையில் நாலு பெரிய அடியாவது வாங்கியவர்களில், ஒரு குட்டை வடிவமாவது இருந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. இரண்டும் நெட்டையாக இருந்தவர்களில் 17தான். உலகமே கொண்டாடியது. அப்புறம் 2009இல் 14 ஆய்வுகளின் 14,250 பேரைச் சேர்த்துப் பார்த்தால், வாழ்க்கையில் வாங்கிய அடி மட்டும் கணக்கில் நின்றது, அந்த ஜீன் நிற்கவில்லை. 2019இல் எட்டு லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது மனச்சோர்வோடு தொடர்புள்ளதாக மரபணுத் தொகுதியில் 102 இடங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றும் எள்ளளவு சாய்க்கிறது, அவ்வளவுதான். ஆக, அம்மாச்சியிடமிருந்து உனக்கு வந்த 'அந்த ஜீன்' என்று ஒன்று கிடையாது.

அதற்காக ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். இரட்டையர்களை வைத்துப் போட்ட கணக்குகள் சுமார் 37 சதவீதம் என்கின்றன. உன் துக்கத்தில் 37 பங்கு அம்மாச்சியுடையது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்கிற எண் அது, தனி ஒருத்திக்குப் பொருந்தாது. அண்ணனுக்கும் அதே அம்மாச்சிதான், அதே வீடுதான். அவன் நன்றாகத்தானே இருந்தான்.

ஆனால் அவன் விடுதிக்குப் போகவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பதினொன்று வரை உட்காரவைத்த அந்தப் பள்ளிக்கு அனுப்பியது உன்னை மட்டும்தான், அதுவும் அப்பாவின் வேலை போன வருஷம், கூடப் படித்த பிள்ளைகள் எல்லாரையும் விட்டு. எனக்கோ அப்போது யாரிடமும் வாய் திறக்கப் பிடிக்காது, நீ போன் செய்தாலும் "ம்" என்பேன். இதை இத்தனை வருஷம் கழித்துத்தான் கோத்துப் பார்க்கிறேன்: ஜீனைக் கொடுத்ததும் நான்தான், வீட்டுக்குள் அந்த மௌனத்தைக் கொடுத்ததும் நான்தான். ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், பெற்றவர்கள் தருகிற மரபையும் சூழலையும் தனித்தனியாகப் பிரிப்பது லேசில்லை என்று. அது ரத்தம், என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டு உன்னை மேலும் நாலு மாதம் அங்கேயே விட்டுவைத்தேன் பார், அதற்கு மட்டும் எந்த ஜீனையும் நான் சாக்குச் சொல்ல முடியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். கர்ப்பமானால் மருத்துவரிடம் உன் பழைய கதையை முதல் நாளே சொல்லிவிடு, முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வருவது அதிகம். வெட்கப்படாதே. அந்தச் சமயத்தில் நான் வந்து இருக்கிறேன், குளிர் என்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று. அந்த விடுதியில் என்ன நடந்தது என்று இன்றுவரை நான் உன்னிடம் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். எழுதத் தோன்றினால் எழுது. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.

அம்மா