கொல்லிமலை மக்களின் வரலாற்றை ஆவணப்படுத்தக் கோரி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு மனு

அனுப்புநர்:
வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு ஊர்ப் பொதுமக்கள்,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாமக்கல்.

பொருள்: கொல்லிமலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் மலைவாழ் மக்களின் வாழ்வியல் காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கையொட்டி அரசு எங்கள் மலையில் வல்வில் ஓரி விழாவைச் சிறப்பாக நடத்தி வருகிறது. அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஒரே அம்பில் அடுத்தடுத்து வீழ்த்திய ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதும், மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததும் தமிழ் படித்தோர் அறிந்த செய்திகள். ஆனால் அந்த மன்னனுக்குப் பின் இம்மலையில் தலைமுறை தலைமுறையாக உழுது, விதைத்து, தெய்வம் கும்பிட்டு வாழ்ந்துவரும் எங்களைப் பற்றி விழாவுக்கு வருபவர் அறிந்துகொள்ள இங்கு ஓர் அறைகூட இல்லை. குதிரைமேல் இருக்கும் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு, அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. காட்டுவதற்கு நாம் எதையும் வைக்கவில்லை.

எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் என்றும், அவர்கள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறினர் என்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். இக்கதை சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை ஆகிய மலைகளிலும் வழங்குகிறது. மூத்தவர் எந்த மலைக்குப் போனார் என்பதில் மட்டும் மலைக்கு மலை வழக்கு உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது எங்கள் வேண்டுகோள் அன்று. ஒவ்வொரு நாட்டிலும் சொல்லப்படும் கதை, சொன்னவரின் சொற்களிலேயே, அவருடைய சம்மதத்துடன், ஒலிப்பதிவாக வைக்கப்பட வேண்டும் என்பதே வேண்டுகோள். இங்குள்ள 14 ஊராட்சிகளும் இன்றும் 'நாடு' என்ற பெயரையே தாங்கியிருப்பதற்குப் பின்னால் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற தலைமைப் பொறுப்புகளும், வழக்குத் தீர்க்கும் முறையும், திருமண உறவு பற்றிய கட்டுப்பாடுகளும் உள்ளன; அவையும் பதிவாக வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வருவதற்கு முன்பு தலைச்சுமையாகச் சரக்கைக் கொண்டு சந்தைக்கு இறங்கி ஏறிய ஒற்றையடிப் பாதைகளும் அப்படித்தான்; அவற்றின் இருப்பிடத்தை இன்று முதியவர்களே காட்ட முடியும்.

அடுத்ததைச் சற்று விரிவாகத் தெரிவிக்க விரும்புகிறோம். எங்கள் ஊர்க் கோயில்களிலும் மரத்தடிச் சாமிகளிடத்திலும் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் வழிபாட்டில் உள்ளன. இவை புதிய கற்கால மனிதர்களின் கருவிகள் என்று தொல்லியல் அறிஞர்கள் கூறுகின்றனர். எங்களுக்கோ அவை சாமி. கருவி என்பதும் சாமி என்பதும் ஒன்றையொன்று மறுப்பதாக நாங்கள் கருதவில்லை. ஆயினும் காப்பகம் என்ற பெயரில் அவற்றை எடுத்துச் சென்று கண்ணாடிப் பெட்டியில் வைப்பதை நாங்கள் ஏற்க இயலாது. தொல்லியல் துறையினர் நேரில் வந்து, ஊராரின் முன்னிலையில் ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, பதிவு செய்து, இருந்த இடத்திலேயே விட்டுச் செல்ல வேண்டும். காட்சியகத்தில் படங்கள் போதும். பதிவு இருந்தால்தான் ஏதேனும் ஒன்று களவு போகும் நாளில் அது எங்களுடையது என்று காட்ட முடியும்.

அதேபோல் சிறுதானியம். மலைச்சரிவுக் காடுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த காலத்தில் சாமையில் மட்டுமே கட்டவெட்டி, மல்லியச்சாமை, திருகுலாச்சாமை, பெருஞ்சாமை எனப் பல ரகங்களைப் பெண்கள் தனித்தனியே விதைக்கு எடுத்து வைத்தார்கள். பின்னர் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) கையில் காசு தந்தது. சாமையை உரலில் குத்தி அரிசியாக்கும் பாடும் குறைந்தது. ஆகவே காடுகள் கிழங்குக்கு மாறியதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் நீண்ட காலம் உழைத்துள்ளது. அரசும் 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அம்முயற்சிகளின் தொடர்ச்சியாக, காட்சியகத்தை ஒட்டிச் சிறிதளவு நிலம் ஒதுக்கி, ரகத்துக்கு ஒரு பாத்தியாக ஆண்டுதோறும் விதைத்து, வேண்டும் உழவருக்கு விதை கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். சீசாவில் அடைத்த விதை சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

உதகை அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் அருங்காட்சியகத்துடன் இயங்கி வருகிறது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் எங்கள் பிள்ளைகள் போய்ப் பார்த்துவரும் தொலைவில் இல்லை. செம்மேட்டில் புதுக்கட்டடம் எழுப்ப நிதி இல்லையெனில், பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றைச் சீரமைத்துத் தந்தாலும் போதுமானது. கட்டடத்தைவிட அதை நடத்துபவர் யார் என்பதே எங்களுக்கு முக்கியம். 14 நாடுகளுக்கும் இடமளிக்கும் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவும், ஒலிப்பதிவு செய்யும் பணிக்கு எங்கள் ஊர்களில் படித்த இளைஞர்கள் பயிற்சியளித்து அமர்த்தப்படவும் ஆவன செய்ய வேண்டும்.

கட்டடப் பணி தாமதமாகலாம். ஒலிப்பதிவு தாமதமாகக் கூடாது. கதையும் பாட்டும் பாதையும் அறிந்தவர்கள் மிகவும் வயது முதிர்ந்தவர்கள். எனவே வரும் ஓரி விழாவுக்கு முன்பாகவே பழங்குடியினர் நலத்துறை, தொல்லியல் துறை, வேளாண்மைத் துறை அலுவலர்களுடன் செம்மேட்டில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, ஒலிப்பதிவுப் பணியை உடனடியாகத் தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொல்லிமலை ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: ஊர்வாரியாகப் பொதுமக்களின் கையொப்பங்கள்.