கூரைக்குக் கயிறு கொண்டு வந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

கஜா புயலுக்குப் பிறகு எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல் எழுத வேண்டும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டது கார்த்திகையில். எழுத உட்கார்ந்திருப்பது தையில், பொங்கல் முடிந்த கையோடு. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் தையல் இயந்திரம் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். யார் என்ன கொடுத்தார்கள், அது எந்த வீட்டுக்குப் போனது என்பதையெல்லாம் சட்டை அளவு குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தவளும் நான்தான். அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. தெருவில் 31 வீடுகள். தளம் போட்ட மெத்தை வீடு நான்கு, ஓட்டு வீடு 16, மீதியெல்லாம் கூரை வீடும் சிமெண்ட் ஷீட் போட்டதும். 2018 நவம்பர் 15 வியாழக்கிழமை இரவு படுத்தபோது இருந்த கணக்கு இது. நள்ளிரவு தாண்டி 16ஆம் தேதி பிறந்த பிறகு, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. விடிந்தபோது மழைக்கு ஒதுங்க இடம் இருந்தது அந்த நான்கு மெத்தை வீடுகளில் மட்டும்தான்.

முதல் நன்றி கடைசி மெத்தை வீட்டுப் பெரியம்மாவுக்கு. அவருடைய கூடத்திலும் மாடிப்படியிலும் அன்று இரவு எழுபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது. ஓடுகள் கழன்று விழும் சத்தம், பாத்திரக் கடையை யாரோ பிடித்து உலுக்குவது போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு திடீரென்று அடங்கியது. வீட்டைப் பார்த்து வரலாம் என்று ஆண்கள் எழுந்தபோது என் மாமியார் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். "இது புயலின் கண். இன்னும் பாதி இருக்கிறது. யாரும் தாண்டக்கூடாது" என்றார். 1952 புயலையும் 1977 புயலையும் பார்த்தவர் அவர். சொன்னது போலவே சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து திரும்பி வந்தது. வடகாற்றில் பிடி தளர்ந்து நின்ற கைமரங்களையும் சட்டங்களையும் தென்காற்று வந்து அள்ளிக்கொண்டு போனது. மாமியாருக்கு நன்றி சொல்லி மடல் எழுதும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு யானை புகுந்த வயலாகக் கிடந்தது. கஜா என்றால் யானைதானே. இலங்கை கொடுத்த பெயராம், பொருத்தமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டு நடுவில் நின்று நிமிர்ந்தால் வானம் தெரிந்தது. அடுக்களையின் மேல் ஒரு தென்னை படுத்திருந்தது. கிழக்குச் சன்னல் நிலையோடு பெயர்ந்து பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் கிடந்தது. மேற்குச் சுவர் மண்சுவர். முழுக்க நனைந்து, வயிறு தள்ளி நின்றது.

சாலை திறக்கவே சனிக்கிழமை ஆகிவிட்டது. விழுந்த மரங்களை அரிவாளும் கோடரியும் வைத்து வெட்டி வழி செய்தவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள்தான். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதை இந்த இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அதன் பிறகு உதவி வந்தது. அரிசி வந்தது, பிஸ்கட் வந்தது, ரொட்டி வந்தது, மூட்டை மூட்டையாகப் பழைய புடவை வந்தது. பசிக்குக் கொடுத்தவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாரம் எங்களுக்கு இல்லாமல் போன முதல் பொருள் அரிசி இல்லை, அரிசியை நனையாமல் வைக்க ஓர் இடம். கொடுத்த அரிசியை மடியில் வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்த்திகை மாதம். அடுத்த மழை எந்த நாளும் வரலாம். தார்ப்பாய் கொடுத்தவர்கள்கூட அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓட்டு வீட்டு முகட்டில் ஏறி அதை இழுத்துக் கட்ட ஆள் வேண்டும், கயிறு வேண்டும், ஆணி வேண்டும், ஏணி வேண்டும். எங்கள் ஏணிகளே தோப்புக்கு அடியில் கிடந்தன.

இதற்கு நடுவில் இன்னொரு தடங்கல். வீட்டை மூடிவிட்டால் சேதக் கணக்கில் வராது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முழுதாக விழுந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பாதி சேதத்துக்கு 4,100 என்று பேச்சு வந்த பிறகு, கையில் தார்ப்பாய் இருந்தவர்களும் அதை விரிக்கப் பயந்தார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை இடிந்த வீடு இடிந்தபடியே இருக்க வேண்டும் என்று கைக்குழந்தையோடு திறந்த வெளியில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்தேன். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் ஞாயிறு காலை சேற்றில் நடந்தே வந்தார். வீடு வீடாக நின்று, சொந்தக்காரரை வாசலில் நிறுத்தித் தன் செல்பேசியில் படம் எடுத்தார். "படம் இருக்கிறது, எழுதியும் வைத்துவிட்டேன். இனிமேல் மூடாமல் இருந்தால்தான் கோபப்படுவேன்" என்றார். அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று மத்தியானம்தான் நீங்கள் வந்தீர்கள், மேஸ்திரி அண்ணன்.

மேற்கேயிருந்து ஒரு மினி லாரி. உள்ளே கான்கிரீட் போடும்போது அடிக்கும் சென்ட்ரிங் பலகைகள், சவுக்கு முட்டுகள், ஒரு சாக்கு ஆணி, பெரிய கண்டு கண்டாக நைலான் கயிறு, ஆறு ஆட்கள். சோறு நீங்களே பொங்கிக்கொண்டீர்கள். எங்களிடம் கேட்டது தண்ணீர் மட்டும். அதையும் நாங்கள் பக்கத்து ஊரில் வாடகை ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்துப் பிடித்து வந்து கொடுத்தோம். தெருவை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு நீங்கள் முதலில் போனது கூரைக்கு இல்லை, சுவருக்கு. வயிறு தள்ளிய மண்சுவர்களுக்கு உள்ளும் புறமும் சவுக்கு முட்டுக் கொடுத்தீர்கள். கூரை போன வீட்டில் ஆள் பிழைத்துக்கொள்ளலாம், நனைந்த சுவர் இரவில் விழுந்தால் பிழைக்க முடியாது என்று நீங்கள் சொன்னது எங்கள் தெருவில் இப்போது எல்லாருக்கும் பாடம். பிறகு பெயர்ந்த சன்னல்களையும் கதவு போன வாசல்களையும் சென்ட்ரிங் பலகை வைத்து அடைத்தீர்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருந்த வீடுகளில் அந்தப் பலகை எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடுகளைத்தான் முதலில் முடித்தீர்கள்.

தார்ப்பாயில் நேராக ஆணி அடித்தால் ஆணித் துளையிலிருந்தே கிழிந்து போகும். எங்களுக்கு அது தெரியாமல் முதல் நாளே இரண்டைக் கிழித்திருந்தோம். நீங்கள் சிறுவர்களை அனுப்பித் தெருவெல்லாம் கிடந்த ஒற்றைச் செருப்புகளைப் பொறுக்கி வரச் சொன்னீர்கள். புயலுக்குப் பிறகு ஒற்றைச் செருப்புக்கா பஞ்சம்! ரப்பர் செருப்பை ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெட்டி, அதை வைத்து அதன் மேல் ஆணி. துணியும் கிழியவில்லை, துளை வழியாகத் தண்ணீரும் இறங்கவில்லை. கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், முகட்டுத் துண்டு கடைசியில் என்று நீங்கள் முறை சொல்லிக் கொடுத்தீர்கள். ஆணி அடிக்க மரமே மிஞ்சாத வீடுகளுக்கு, உரச் சாக்கில் மணல் நிரப்பி இரண்டிரண்டாகக் கட்டி, கழுதைப் பொதி மாதிரி முகட்டின் இரு பக்கமும் தொங்கவிட்டீர்கள்.

கொண்டு வந்த தார்ப்பாய் 14 வீட்டோடு தீர்ந்தது. மீதிக்குத்தான் என் இயந்திரம். மிதித்து ஓட்டுவது என்பதால் மின்சாரம் இல்லாதது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அச்சகக்காரர் ஒருவர் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை ஒரு வண்டி நிறைய அனுப்பியிருந்தார். கட்சி மாநாடு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் கலந்து கிடந்தன. இரண்டிரண்டாக இணைத்து இரட்டை மடிப்புப் போட்டுத் தைத்து, தையல் துளைகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கொடுத்தேன். 18ஆம் நம்பர் ஊசி நான்கு முறிந்தது. என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு காதணி விழா பேனர். படம் உள்பக்கமாக அமைந்துவிட்டது. இரண்டு மாதமாகப் படுத்து அண்ணாந்தால், பொட்டு வைத்த ஒரு பெண் குழந்தை தலைகீழாகச் சிரித்தது. பெயர் இருந்த பகுதியை நானே மடிப்புக்குள் தைத்துவிட்டேன், அதனால் யார் என்று தெரியாது. உங்கள் வீட்டுக் குழந்தையாக இருந்தால் சுற்றிப் போடுங்கள். எத்தனையோ இரவு எங்கள் நான்கு பேர் கண்ணும் அவள் மேல்தான் இருந்தது.

கடற்கரை மக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. படகு போய், இயந்திரம் போய், வீட்டுக்குள் கடல் புகுந்து நின்ற நிலையில், திங்கட்கிழமை அவர்கள் எங்களுக்குப் பழைய வலைகளைச் சுமந்து வந்தார்கள். கூரையின் மேல் வலையை விரித்து நான்கு மூலையையும் கட்டையில் கட்டிவிட்டால், எந்தக் காற்றுக்கும் தார்ப்பாய் படபடக்காது. அவர்கள் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான். முடிச்சுப் போட்ட பெரியவர் ஒருவரிடம் "உங்கள் வீட்டை மூடியாயிற்றா?" என்று கேட்டேன். "மூட வீடு இருந்தால்தானே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனார். எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

கூரை வீட்டுக்காரர்களுக்குக் கீற்று முடைந்து கொடுத்தவர்கள் பக்கத்துத் தெருப் பெண்கள். சாய்ந்த மரத்து மட்டையையே வெட்டி, குட்டையில் ஊறப்போட்டு, ராவும் பகலும் முடைந்தார்கள். எந்த மரம் விழுந்து வீட்டை உடைத்ததோ அதன் ஓலையே அந்த வீட்டுக்குக் கூரையானது. பத்து வருடம் வளர்த்த மரத்தின் மட்டையை வெட்டும்போது அழாதவர்கள் கிடையாது, ஆனால் கை நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. புதிய தாழ்வுப் பகுதியாம், டெல்டா முழுக்கக் கொட்டியது. அதற்குள் 27 வீடுகளில் 25 மூடியாகிவிட்டது. அன்று இரவு என் மாமியார் காதணிக் குழந்தைக்குக் கீழே உட்கார்ந்து, ஒழுகும் இடங்களை எண்ணினார். மூன்றுதான். மூன்றுக்கும் குண்டான் வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினார். 23ஆம் தேதி கார்த்திகை தீபம். தெருவில் கரண்ட் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஓர் அகல்தான் வைத்தோம், எண்ணெய் தட்டுப்பாடு. சென்ட்ரிங் பலகை இடுக்குகளில் அந்த வெளிச்சம் தெரிந்தது.

மனத்தாங்கலும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இருநூறு ரூபாய்த் தார்ப்பாயை எழுநூறுக்கு விற்ற கடைக்காரரும் இதைப் படிக்கக்கூடும். ஒரே தார்ப்பாயை ஐந்து வீட்டு வாசலில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, கடைசியில் அதை வண்டியிலேயே ஏற்றிப் போன குழுவும் படிக்கக்கூடும். அவர்களைப் பற்றி நோட்டில் எழுத இடம் இல்லாமல் போய்விட்டது.

மின்வாரிய ஊழியர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். இடுப்பளவுச் சேற்றில் கம்பம் சுமந்தார்கள். அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் நான் சுருக்கமாக முடிக்கிறேன்: எங்கள் தெருவில் முதல் விளக்கு எரிந்தபோது நாங்கள் கைதட்டியது உங்களுக்குத்தான்.

இன்றைய நிலவரம்: 16 ஓட்டு வீடுகளில் ஒன்பதுக்கு ஓடு மாற்றியாயிற்று. மற்றவர்கள் ஓட்டுக்கும் பணத்துக்கும் காத்திருக்கிறார்கள். மூன்று வீடுகள் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான். வலைகளைத் துவைத்துக் காயவைத்துக் கடற்கரைக்குக் கொண்டு போனோம். வாங்க மறுத்தார்கள். கொஞ்சம் சத்தம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மேஸ்திரி அண்ணன், உங்கள் பலகைகள் 38 என்று நோட்டில் இருக்கிறது. 35 திரும்பி வந்து பள்ளிக்கூடத் திண்ணையில் அடுக்கியிருக்கிறது. ஒன்று உடைந்துவிட்டது. இரண்டு இன்னும் ஒரு வீட்டு வாசலில் கதவாக நிற்கின்றன, மாசிக்குள் கழற்றிவிடுவோம். முட்டுகள் எல்லாம் பத்திரம். உங்கள் ஆட்களில் உயரமாக இருந்த தம்பி, ஆணி பிடுங்கும் சுத்தியல் ஒன்றை என் வீட்டு முகட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பிடியில் சிவப்புக் கயிறு சுற்றியது. ஓடு மாற்றும்போது கிடைத்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அந்த அவசரத்தில் உங்கள் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. இதைப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வாருங்கள். ஆறு பேரும் வர வேண்டும். சோறு இந்த முறை நாங்கள் பொங்குகிறோம்.

இப்படிக்கு,
தெருவின் சார்பில்,
தையல்காரி